திருநங்கை, திருநம்பி குடும்பங்கள் சட்ட விஷயத்தில் செய்யும் தவறுகள்

"மகனும் இல்லை, மகளும் இல்லை, உனக்கு ஏது பங்கு?" பாகப்பிரிவினைப் பேச்சில் உறவினர் இப்படிக் கேட்டதும் கூனிக்குறுகி, பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடும் திருநங்கைகள் உண்டு. தயவுசெய்து போடாதீர்கள். 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகன், மகள் என்றுதான் பேசுகிறது. ஆனால் 2005 திருத்தத்துக்குப் பிறகு பூர்வீகச் சொத்திலும் இருவருக்கும் சம பங்கு. மகனாக எண்ணினாலும் மகளாக எண்ணினாலும் கணக்கு ஒன்றுதான்.

இதைவிட என் மனதை அறுப்பது இன்னொரு தவறு. ஜமாத் எனப்படும் திருநங்கையர் குழுவில், ரத்த உறவு இல்லாமல் ஏற்றுக்கொண்ட தாயும் மகளுமாக இருபது வருடம் ஒரே வீட்டில் வாழ்ந்திருப்பார்கள். தாய் இறந்த பிறகு, அதுவரை எட்டிப் பார்க்காத ரத்த உறவுகள் வாரிசுச் சான்றிதழோடு வாசலில் வந்து நிற்பார்கள். கஞ்சி காய்ச்சிக் கொடுத்த மகள் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் வாரிசுப் பட்டியலில் இல்லை. வழக்காடித்தான் அவள் உரிமை கேட்க வேண்டியிருக்கும். வங்கியில் நாமினியாகப் போட்டிருக்கிறோமே என்று நம்பியிருப்பதும் பிழை. நாமினி பணத்தைப் பெற்றுக்கொள்ளலாம், அதனாலேயே அவர் அதற்கு உரிமையாளராகிவிட மாட்டார்.

உயில் எழுதுங்கள். இரண்டு சாட்சிகள் கையெழுத்திட வேண்டும். சொத்துப் பெறுபவரைச் சாட்சியாக வைக்காதீர்கள். பதிவு செய்வது கட்டாயமில்லை, ஆனாலும் செய்துவிடுவது நல்லது. பட்டாவிலும் பாஸ்புக்கிலும் பழைய பெயர் இருந்தால் உயிலில் இரண்டு பெயர்களையும் குறிப்பிட வேண்டும்.

பெயர் என்றதும் நினைவுக்கு வருகிறது: ஆதாரை மட்டும் மாற்றிவிட்டு நின்றுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டின் திருநர் (திருநங்கை, திருநம்பி உள்ளிட்டோர்) உரிமைப் பாதுகாப்புச் சட்டப்படி, மாவட்ட ஆட்சியர் தரும் சான்றிதழைக் கொண்டு பிறப்புச் சான்றிதழ் உட்பட எல்லா அரசு ஆவணங்களிலும் பெயரை மாற்றிக்கொள்ளலாம்.

பெற்றோரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். பிள்ளையை வீட்டைவிட்டுத் துரத்துவது குடும்ப விவகாரம் அல்ல. பெற்றோரோடு அதே வீட்டில் வாழும் உரிமையை அந்தச் சட்டத்தின் 12-ஆம் பிரிவு தருகிறது. வீட்டைவிட்டு வெளியேறக் கட்டாயப்படுத்துவதை 18-ஆம் பிரிவு குற்றமாக வைத்திருக்கிறது. வளர்ந்த பிள்ளையைக் "காணவில்லை" என்று புகார் கொடுத்து இழுத்துவரவும் முடியாது. தன் விருப்பப்படியே இருப்பதாக அவர் வாக்குமூலம் கொடுத்தால் புகாரை முடித்துவிட வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021-இல் உத்தரவிட்டிருக்கிறது.

திருமணத்தில் நடக்கும் குழப்பம் வேறு. 2023 அக்டோபர் 17 அன்று உச்ச நீதிமன்றம் தன்பாலினத் திருமணத்துக்கு அங்கீகாரம் மறுத்ததும், தங்களுக்கும் கதவு அடைபட்டுவிட்டதாகப் பல திருநங்கைகள் நினைத்துக்கொண்டார்கள். அதே தீர்ப்புதான், ஆண் பெண் உறவில் இருக்கும் திருநர் நடப்பிலுள்ள சட்டங்களின்படியே மணக்கலாம் என்று உறுதி செய்தது. அதற்கு முன்பே, தூத்துக்குடிக் கோயிலில் நடந்த ஒரு திருமணத்தைப் பதிய அதிகாரிகள் மறுத்தபோது, இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் கூறிவிட்டது. பதிவாளர் மறுத்தால் வாய்ப்பேச்சோடு திரும்பாதீர்கள், காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

மதுரைக் கிளையின் அந்தத் தீர்ப்பு மற்றொரு குடும்பத்தையும் காப்பாற்றுகிறது. ஆண், பெண் என்று வகைப்படுத்த முடியாத இடைப்பால் உடலமைப்போடு பிறக்கும் குழந்தைக்கு ஆண் அல்லது பெண் என்று ஆக்கும் அறுவைச் சிகிச்சையை, அந்தத் தீர்ப்பின் உத்தரவுப்படி தமிழ்நாடு அரசு 2019 ஆகஸ்டில் தடை செய்தது. உயிருக்கு ஆபத்தான நிலை மட்டுமே விலக்கு. பிரசவ அறையின் பதற்றத்தில் யாராவது கையெழுத்துக் கேட்டால், குழந்தையின் உயிருக்கு ஆபத்தா என்று முதலில் கேளுங்கள்.