சொல்வதா, மறைப்பதா: அறக்கோட்பாட்டை நடைமுறையில் பயன்படுத்தும் முறை

மருத்துவ மாணவர்களுக்கு அறவியல் நடத்துகிறேன். விளைவே முக்கியம் என்ற தத்துவவாதி பெந்தாம் சொல்வது சரியா, கடமையையும் மனித மதிப்பையும் முன்வைத்த கான்ட் சொல்வது சரியா என்ற வாதத்தோடுதான் பலரும் தொடங்குகிறார்கள். அதை ஒதுக்கிவையுங்கள். முதலில் சிக்கலை, "இவர் இவருக்கு இதைச் செய்யலாமா?" என்ற வடிவில் எழுதுங்கள். "மரபணுவும் அந்தரங்கமும்" என்பது வெறும் தலைப்பு. "தனக்கு ஹன்டிங்டன் நோய் (மூளை நரம்புகளைச் சிதைக்கும் பரம்பரை நோய்) இருப்பதை மகளிடம் சொல்லக்கூடாது என்கிறார் தந்தை, மருத்துவர் அதை மீறலாமா?" என்பதுதான் சிக்கல்.

இங்கிலாந்தில் 2009-இல் இது உண்மையாகவே நடந்தது. மகள் அப்போது கர்ப்பிணி. பெற்றோரில் ஒருவருக்கு இந்நோய் இருந்தால் பிள்ளைக்கு வர 50 சதவீத வாய்ப்பு உண்டு. குணப்படுத்தும் மருந்து கிடையாது.

இனி ஒவ்வொரு கோட்பாட்டையும் ஒரு கேள்வியாக மாற்றுங்கள். விளைவைப் பார்ப்பவர் கேட்பார்: சொன்னால் யாருக்கு என்ன நேரும், சொல்லாவிட்டால் என்ன நேரும்? இந்தக் கணக்கில் பிறக்கப்போகும் குழந்தையும், மருத்துவர்மீது நம்பிக்கை இழக்கக்கூடிய மற்ற நோயாளிகளும் சேர வேண்டும். நற்பண்பை முன்வைத்த அரிஸ்டாட்டில் வழியில் வருபவர், பக்குவமுள்ள மருத்துவர் எப்போது, எந்தச் சொற்களில் பேசுவார் என்று கேட்பார்.

கான்டிடம் நிதானமாக நில்லுங்கள். அவர் வழியில் கேள்வி இது: தன் வாழ்வைத் தானே தீர்மானிக்கும் மனிதராக மகளை நடத்துகிறோமா? "ஆகவே சொல்லியே தீர வேண்டும்" என்று மாணவர்கள் உடனே முடித்துவிடுவார்கள். ஆனால் இந்நோய் வரும் வாய்ப்புள்ளவர்களில் பெரும்பாலோர் மரபணுச் சோதனை செய்துகொள்வதில்லை. அறியாமல் இருப்பதும் அவர்களுடைய தேர்வுதான். கேட்காமலே சொல்லிவிட்டால் அந்தத் தேர்வைப் பறித்துவிடுகிறோம்.

பதில்கள் மோதினால் அந்த மோதல் தகவலைப் பற்றியதா, மதிப்பைப் பற்றியதா என்று பிரித்துப் பாருங்கள். தகவல் குறைவென்றால் விசாரியுங்கள். கோட்பாடு அதை ஈடுசெய்யாது. பிறகு ஒரு விவரத்தை மட்டும் மாற்றுங்கள்: முன்பே கண்டறிந்தால் குணமாகும் புற்றுநோயாக இருந்தால்? அப்போதும் உங்கள் வாதம் இம்மியும் அசையவில்லையென்றால், முடிவை முன்பே எடுத்துவிட்டுக் காரணம் தேடியிருக்கிறீர்கள்.

அந்த உண்மைச் சம்பவம் வழக்கானபோது, மகளின் நலனையும் தந்தையின் ரகசியத்தையும் சீர்தூக்கிப் பார்க்கும் கடமை மருத்துவர்களுக்கு இருந்தது என்று 2020-இல் இங்கிலாந்து உயர் நீதிமன்றம் கூறியது. ஆனால் அவர்கள் அந்தக் கடமையில் தவறவில்லை என்றும் தீர்ப்பளித்தது.

நானாக இருந்தால் தந்தையிடம் மறுபடியும் பேசிப் பார்ப்பேன். அவர் இணங்காவிட்டால் மகளிடம், "உங்கள் உடல்நலம் தொடர்பாகக் குடும்பவழித் தகவல் ஒன்று இருக்கிறது, அறிய விரும்புகிறீர்களா?" என்று கேட்பேன். இந்தக் கேள்வியே பாதியைச் சொல்லிவிடும். தந்தையின் நம்பிக்கையும் உடையும். இந்த இரண்டு இழப்புகளையும் முடிவுக்குக் கீழேயே எழுதிவைக்க வேண்டும்.