அம்மாவின் மூச்சுக்கு முன் கால்களைத் தேற்றினோம்

அம்மா பல வருடம் விறகடுப்பில் சமைத்தவர். பீடி, சிகரெட்டைத் தொட்டதே இல்லை, ஆனாலும் சிஓபிடி, அதாவது மூச்சுக்குழாய்கள் குறுகி மூச்சுவிடச் சிரமமாக்கும் நாள்பட்ட நுரையீரல் நோய், வந்துவிட்டது. நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த நோய் வர அடுப்புப் புகை ஒரு முக்கியக் காரணம்.

இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும், கட்டிலிலிருந்து எழவே கைத்தாங்கல் தேவைப்பட்டது. காரணத்தை நுரையீரல் மருத்துவர் விளக்கினார்: மூச்சு வாங்குமே என்று நடமாடாமல் இருந்தால் தொடைத் தசை கரையும். தசை கரைந்தால் அதே வேலைக்கு இன்னும் அதிகமாக மூச்சு வாங்கும்.

பிசியோதெரபிஸ்ட் சொல்லித் தந்த பயிற்சிதான் எங்களுக்குக் கைகொடுத்தது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, கை ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். மூக்கால் இழுத்து, எழும்போது உதட்டைக் குவித்து மெல்ல ஊத வேண்டும். இழுத்த நேரத்தைப் போல இரண்டு மடங்கு நேரம் விடுவது முக்கியம். ரத்தத்தில் ஆக்ஸிஜன் அளவைக் காட்டும் ஆக்ஸிமீட்டரை விரலில் மாட்டியிருப்போம். மருத்துவர் குறித்துக் கொடுத்த அளவுக்குக் கீழே இறங்கினால் அன்றைக்கு அவ்வளவுதான்.

அப்புறம் சாப்பாடு. வயிறு முட்டினால், நுரையீரலுக்குக் கீழே இருக்கும் மூச்சுத் தசையான உதரவிதானம் இறங்க இடமிருக்காது. அதனால் கொஞ்சம் கொஞ்சமாக, பல வேளை. முட்டையும் சுண்டலும் தினம் உண்டு.

ஸ்பைரோமெட்ரி என்கிற, ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனையின் எண்கள் பெரிதாக மாறவில்லை. ஆனால் அம்மா இப்போது ஸ்டூலில் உட்கார்ந்து அவரே குளிக்கிறார், தெருமுனைக் கோயில் வரை நடக்கிறார். எனக்கு அந்த எண்களைவிட இதுதான் பெரிது. சளியின் நிறம் மாறினாலோ மூச்சுத்திணறல் கூடினாலோ மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு நேரே மருத்துவரிடம் போகிறோம்.