ஒஃபிஸ் டென்ஷனுக்கு பொசிட்டிவ் திங்கிங்: உருப்படியா செய்யிறது எப்பிடி

"பொசிட்டிவா யோசி" எண்டு சொல்றது லேசு. இரவு ஒன்பது மணிக்கு மனேஜர் வட்ஸ்அப்பில "நாளைக்கு வந்தவுடன என்னைச் சந்தியுங்க" எண்டு ஒரு வரி போட்டுட்டு ஒஃப்லைன் போயிட்டார் எண்டு வைங்கோ, அந்த நேரம் "எல்லாம் நல்லதுக்கே" எண்டு ஆயிரம் தரம் சொன்னாலும் நித்திரை வராது, ஏனெண்டா அது சும்மா சொல்றது எண்டு மனசுக்கே தெரியும்.

அதால நான் சொல்றது பூசி மெழுகுற வேலை இல்ல. தலைக்குள்ள ஓடுற வசனத்தைப் பிடிச்சு, இது உண்மையோ எண்டு விசாரிக்கிறது. 1960களில ஆரோன் பெக் எண்ட அமெரிக்க மனநல டொக்டர் இந்த வழியைத்தான் சிகிச்சையா கொண்டுவந்தவர், இப்ப சிபிடி (யோசனையையும் பழக்கத்தையும் மாத்திற பேச்சுச் சிகிச்சை) எண்டு சொல்றது அதில இருந்து வளந்ததுதான்.

முதல்ல போனை எடுத்து அந்த வசனத்தை அப்பிடியே எழுதுங்கோ. "டென்ஷனா இருக்கு" எண்டு எழுதினா காணாது. "என்னை வேலையால நிப்பாட்டப் போறாங்கள்" எண்டுதான் ஓடுதெண்டா அதையே எழுதுங்கோ. பிறகு கேளுங்கோ, இதுக்கு ஆதாரம் என்ன, வேற என்ன காரணத்துக்குக் கூப்பிட்டிருக்கலாம்? கணக்கு வருஷம் முடியிற மார்ச் 31 கிட்ட வருதெண்டா கணக்குப் பரிசோதனைக்கு (ஓடிட்) ஏதும் ஃபைல் தேவைப்பட்டிருக்கும், இல்லாட்டி ஆரோ லீவில போகப் போயினம். கடைசியா கீழ புது வசனம் எழுதோணும்: "ஏன் கூப்பிட்டவர் எண்டு தெரியாது, காலம எட்டரைக்குத் தெரிஞ்சிடும், இப்ப ஃபைலை பாக்கில வச்சிட்டுப் படுக்கிறன்." இதில இனிப்பு ஒண்டும் இல்லைத்தான், ஆனா நம்பலாம். நம்பக்கூடியதுதான் வேலை செய்யும்.

மார்ட்டின் செலிக்மன் எண்ட உளவியலாளர் சொன்ன ஒரு விஷயமும் இதோட சேத்துப் பாக்கலாம். ஒரு பிழை நடந்தா, மனம் உடையிற ஆள் அதை மூண்டு மாதிரி பெருப்பிப்பார்: எப்பவும் இப்பிடித்தான், எல்லாத்திலயும் இப்பிடித்தான், எல்லாம் என்னாலதான். கொழும்பில வேலை செய்யிற எங்கட ஆக்களுக்கு இது நல்லா விளங்கும். மீட்டிங் இங்கிலிஷில தொடங்கும், பத்து நிமிஷத்தில சிங்களத்துக்கு மாறும், பகிடி விடுவாங்கள், எல்லாரும் சிரிப்பாங்கள், நீங்க அரை செக்கன் பிந்திச் சிரிப்பீங்க. முடிஞ்சு சீட்டுக்கு வந்தா "நான் இந்த இடத்துக்குச் சரிவரமாட்டன்" எண்டு ஒரே ஓட்டம். சரி, அந்த மூண்டையும் ஒண்டொண்டா வெட்டிப் பாருங்கோ. எப்பவுமோ? போன கிழமை பட்ஜெட் மீட்டிங்கில கதைச்சது நீங்கதானே. எல்லாத்திலயுமோ? எக்ஸெல் ஷீட் பிழைச்சா உங்களட்டத்தான் ஓடி வாறாங்கள். உங்களாலயோ? பாதியில பாஷையை மாத்தினது நீங்க இல்ல. மிச்சம் நிக்கிறது ஒரே ஒரு சின்ன விஷயம், டெலிவரி திகதி விளங்கேல்ல. அதை மீட்டிங் நடத்தினவருக்கு ரெண்டு வரி மெயில் போட்டுக் கேட்டா முடிஞ்சுது. (சிங்களம் படிக்கிறதும் நல்லதுதான், அது வேற கதை.)

ப்ரோமோஷன் கிடைச்ச மாதிரி கண்ணை மூடிக் கற்பனை பண்ணச் சொல்ற ஆக்களை நான் பெரிசா நம்புறேல்ல. காப்ரியேலே ஓட்டிங்கன் எண்ட ஜெர்மன் உளவியலாளரின்ர ஆய்வுகளும் வெறும் இனிப்பான கற்பனை முயற்சியைக் குறைக்கலாம் எண்டுதான் காட்டினது. ஆசையை நினைச்ச கையோட தடையையும் நினைக்கோணும், தடை வந்தா என்ன செய்யிறது எண்டும் முன்னமே முடிவெடுக்கோணும். "அந்த கஸ்டமர் கோல் எடுத்துக் கத்தினா, ஒரு மிடறு தண்ணி குடிச்சிட்டு இன்வொய்ஸ் நம்பரைக் கேப்பன்." இவ்வளவுதான்.

பின்னேரம் காலி வீதியில 100ஆம் நம்பர் பஸ்ஸில தொங்கிக்கொண்டு வரேக்க மெயில் பாக்காதீங்கோ, அந்த நெரிசலுக்க ஒரு பிரச்சினையும் தீராது. ஏலுமெண்டா பம்பலப்பிட்டியில இறங்கி மரைன் டிரைவால வெள்ளவத்தைக்கு நடந்து வாங்கோ, மூச்சை இழுக்கிறதை விட விடுறதைக் கொஞ்சம் நீட்டி விடுங்கோ, உடம்பு அடங்கினாத்தான் யோசனையும் அடங்கும்.

ஆனா நாள் தவறாம இரவு எட்டு மணி வரைக்கும் இருத்தி வைக்கிறாங்கள் எண்டா, பிழை உங்கட யோசனையில இல்ல. 1954ஆம் ஆண்டு கடை, காரியாலய ஊழியர் சட்டப்படி பொதுவா நாளுக்கு 8 மணித்தியாலம், கிழமைக்கு 45, அதுக்கு மேல எண்டா ஓவர்டைம் காசு தரோணும். மேல் பதவி ஆக்களுக்கு விதிவிலக்கு இருக்கு, அதையும் பாத்துக்கொள்ளுங்கோ. முதல் வருஷம் முடிஞ்சா வருஷ லீவு 14 நாள், கெஷுவல் 7. எடுக்காம விட்டா ஒருத்தரும் மெடல் தரப்போறேல்ல. முறைப்பாடு எண்டா நாரஹேன்பிட்டி தொழில் திணைக்களத்துக்குப் போகலாம்.

நித்திரை, சாப்பாடு ரெண்டும் கிழமைக்கணக்கா குழம்பி, காலம எழும்பவே பயமா இருந்தா, எழுதிப் பாக்கிறதோட நிக்காதீங்கோ. தேசிய மனநல நிறுவகத்தின்ர 1926 இலக்கத்துக்கு எந்த நேரமும் எடுக்கலாம், தமிழில கதைக்கலாம்.