பெயரை மறைத்து எழுத வருகிறவர்கள் திரும்பத் திரும்பச் செய்யும் தவறுகள்

போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பு. தங்கள் பெயர் வெளியே தெரியாமல் எழுத நினைக்கும் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள். யார், எங்கிருந்து பார்க்கிறார் என்பதை மறைக்கும் டோர் பிரவுசரைத் திறந்து புதிதாக ஒரு மின்னஞ்சல் கணக்கு தொடங்கச் சொன்னேன். கடைசி வரிசையில் இருந்த பெண் நல்ல வேகம். பாஸ்வேர்டு நீளமானது, வேறெங்கும் பயன்படுத்தாதது. தேர்ந்தெடுத்த பெயர் அவர் வாழ்க்கையில் எதோடும் ஒட்டாதது. எல்லாம் சரி. அடுத்த பக்கத்தில் கைப்பேசி எண் கேட்டது. நான் எழுந்து அவர் மேசைக்குப் போவதற்குள் தன் சொந்த எண்ணைத் தட்டி, வந்த ஓடிபியையும் போட்டு முடித்துவிட்டார்.

“ஓடிபிக்குத்தானே சார், வெளியே தெரியாதே?”

எனக்குப் பகீர் என்றது. சில வருடங்களுக்கு முன் இதே வார்த்தையை எனக்கு நானே சொல்லிக்கொண்டு நானும் என் எண்ணைத் தட்டினேன். அதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர். அந்தக் கதையைக் கீழே விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் மற்ற எல்லாத் தவறுகளையும்விட அதுதான் இன்னும் என்னை உறுத்துகிறது.

பாஸ்வேர்டைப் பகிராதீர்கள், தெரியாத இணைப்பைத் தொடாதீர்கள் என்பதையெல்லாம் விட்டுவிடுகிறேன். இதைத் தேடி வந்து படிக்கிறவருக்கு அவை தெரிந்திருக்கும்.

யாரிடமிருந்து என்று கேட்காமலே தொடங்குவது

ஒருவர் விபிஎன் (நம் இணையப் போக்குவரத்தை இன்னொரு நிறுவனத்தின் கணினி வழியாகத் திருப்பிவிடும் சேவை), டோர், மறைகுறியாக்கிய மின்னஞ்சல் என்று எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு என்னிடம் வந்தார். யாருக்குப் பயப்படுகிறீர்கள் என்று கேட்டேன். தயங்கித் தயங்கி, கூடவே வசிக்கும் ஒருவரைச் சொன்னார். அந்த நபருக்கு இவருடைய போனைத் திறக்கும் ரகசிய எண் தெரியும். வாட்ஸாப்பில் ‘இணைக்கப்பட்ட சாதனங்கள்’ பட்டியலைத் திறந்து பார்த்தோம். இவருக்குச் சொந்தமில்லாத கணினி ஒன்று அதில் இருந்தது. இவர் அனுப்பியது, இவருக்கு வந்தது எல்லாம் அங்கேயும் ஓடிக்கொண்டிருந்தது.

அரசாங்கம், விளம்பர நிறுவனம், மேலதிகாரி, கூட வசிப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் எட்டும் தூரம் வேறு. யார் என்று முடிவு செய்த பிறகுதான் என்ன கருவி என்ற பேச்சே வரும்.

இன்காக்னிட்டோவை நம்புவது

பிரவுசரின் இந்தத் தனிச் சாளரம் உங்கள் கணினியில் தடம் தங்காமல் பார்த்துக்கொள்ளும். அவ்வளவுதான்.

விபிஎன் வாங்கியாச்சு என்று நிம்மதியாவது

விபிஎன் போட்டால் உங்கள் இணையச் சேவை நிறுவனம் பார்த்துக்கொண்டிருந்ததை இனி விபிஎன் நிறுவனம் பார்க்கும். நம்பிக்கை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு மாறுகிறது. ‘நாங்கள் பதிவே வைப்பதில்லை’ என்று விளம்பரம் செய்த ஒரு நிறுவனத்தின் பதிவுகளைக் கொண்டே 2017-இல் அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐ ஒருவரை அடையாளம் கண்டது. பிடிபட்டவர் ஒரு பெண்ணை விடாமல் துன்புறுத்தியவர், பிடிபட்டது நல்லதுதான். ஆனால் அந்த விளம்பரத்தை நம்பி அதே சேவையில் இருந்த மற்றவர்களை நினைத்துப் பாருங்கள். பொது வைஃபையில் பாதுகாப்புக்கு, தடை செய்த தளத்தைத் திறப்பதற்கு என்றால் விபிஎன் நல்ல கருவி. ஆள் யார் என்றே தெரியக் கூடாது என்றால் அது மட்டும் போதாது.

சொந்தக் கைப்பேசி எண்ணைக் கொடுப்பது

என் கதை இதுதான். நான் வேலை பார்த்த இடத்தில் பாதுகாப்பு ஏற்பாடுகள் மோசமாக இருந்தன. இரண்டு பேருக்கு அடிபட்டது, கணக்கில் ஒன்றும் ஏறவில்லை. அதைப் பெயர் போடாமல் எழுத ஒரு சமூக வலைத்தளக் கணக்கு தொடங்கினேன். டோர் வழியாகத்தான் போனேன், புது மின்னஞ்சல்தான் வைத்தேன். இரண்டாவது நாள், சந்தேகத்துக்குரிய நடவடிக்கை என்று சொல்லிக் கணக்கைப் பூட்டி, எண் கொடுத்தால் திறப்போம் என்றது. இரவு நேரம், எழுதி முடித்த பதிவு கையில் இருக்கிறது, போட்டுவிட வேண்டும் என்ற அவசரம். கொடுத்துவிட்டேன். என் போனில் அந்தச் செயலியே கிடையாது, கான்டாக்ட்ஸை யாருக்கும் திறந்துவிடவும் இல்லை. அதனால் பயமில்லை என்று நினைத்தேன்.

என் கூட வேலை பார்த்தவர்களின் போனில் அந்தச் செயலி இருந்தது. அவர்கள் தங்கள் கான்டாக்ட்ஸைத் திறந்துவிட்டிருந்தார்கள். அந்தப் பட்டியல்களில் என் எண் என் பெயரோடு இருந்தது. நான்காவது நாள், என் மேற்பார்வையாளரின் திரையில், ‘உங்களுக்குத் தெரிந்தவராக இருக்கலாம்’ என்ற வரிசையில் அந்தப் பெயரில்லாத கணக்கு வந்து நின்றது. அவர் யாரிடமும் எதுவும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தக் கணக்கின் பதிவுகளைப் படித்தார், அதில் நான் சேர்த்திருந்த தாள்களைப் பார்க்கும் வாய்ப்பு யாருக்கு இருந்தது என்று பார்த்தார். என்னோடு ஷிஃப்ட் பார்த்த ஒரு நண்பருக்குத்தான் இருந்தது. எனக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அவருக்கு வேலை போயிற்று. அந்த நண்பர் இப்போது என்னிடம் பேசுவதில்லை. பேசச் சொல்லிக் கேட்கும் தைரியமும் எனக்கு வரவில்லை.

இந்தத் தவறின் கொடுமை, அதைத் திருப்பி எடுக்க முடியாது என்பதுதான். எண்ணை நீக்கினேன், கணக்கையே அழித்தேன். ‘இந்தக் கணக்கும் இந்த எண்ணும் ஒரே ஆள்’ என்ற செய்தி அதற்குள் எத்தனை இடத்தில் பதிவானதோ, அத்தனை இடத்திலும் அப்படியேதான் இருக்கும். நிறுவனம் நல்ல எண்ணத்தோடு கேட்டிருந்தாலும் இதே கதைதான். 2022-இல் டுவிட்டரில் ஒரு ஓட்டை வெளியே தெரிந்தது. ஒரு மின்னஞ்சலையோ எண்ணையோ கொடுத்தால், அது எந்தக் கணக்கோடு சேர்ந்தது என்று தெரிந்துகொள்ள அந்த ஓட்டை வழி செய்தது. அதைப் பயன்படுத்தி எடுத்த சுமார் 54 லட்சம் கணக்குகளின் விவரம் விற்பனைக்கு வந்தது. அதில் எத்தனை பேர் பெயரை மறைத்து எழுதியவர்களோ. அதே ஆண்டு, பாதுகாப்புக்காக என்று வாங்கிய எண்களை விளம்பரத்துக்குப் பயன்படுத்தியதற்காக அதே நிறுவனம் அமெரிக்காவில் 15 கோடி டாலர் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டது.

பெரிய ஆட்களே இப்படி ஒரு மெல்லிய நூலில்தான் அகப்பட்டிருக்கிறார்கள். சில்க் ரோடு என்ற கள்ளச் சந்தையை நடத்திய ராஸ் உல்பிரிக்ட் டோருக்குப் பின்னால் ஒளிந்திருந்தார். 2011 தொடக்கத்தில் அந்தச் சந்தையைப் பற்றி ஒரு புனைபெயரில் எழுதினார். சில மாதம் கழித்து அதே புனைபெயரில் ஆள் தேவை என்று போட்டு, தன் முழுப்பெயர் உள்ள மின்னஞ்சல் முகவரியைக் கொடுத்தார். 2013 அக்டோபரில் கைதானார். ஆல்ஃபாபே என்ற இன்னொரு கள்ளச் சந்தையை நடத்தியவர் விஷயத்திலும், 2014-இல் புது உறுப்பினர்களுக்குப் போன வரவேற்பு மின்னஞ்சலின் தலைப்பகுதியில் அவருடைய சொந்த ஹாட்மெயில் முகவரி இருந்தது. 2017-இல் பிடித்தார்கள். இந்த ஆட்களுக்காக எனக்கு வருத்தமில்லை. ஆனால் அதே நூல், உண்மையைச் சொல்ல வந்தவரையும் அப்படியேதான் இழுத்து வந்து நிறுத்தும்.

அதனால் வகுப்பில் ஒரு பழக்கத்தை வற்புறுத்துகிறேன். புது அடையாளத்துக்கு என்னென்ன உண்டு என்று ஒரு தாளில் முதலிலேயே எழுதுங்கள்: அதன் பெயர், அதன் மின்னஞ்சல், அது திறக்கும் பிரவுசர், அது எழுதும் நேரம். அந்தத் தாளில் இருக்கும் எதுவும் உங்கள் சொந்த வாழ்க்கையில் இருக்கக் கூடாது. கணக்கை மீட்க என்று கேட்கும் இரண்டாவது மின்னஞ்சலும் இதில் சேர்த்திதான், பலர் அங்கேதான் தன் பழைய முகவரியைப் போடுகிறார்கள். எண் கேட்கும் சேவையானால் அந்தச் சேவையை விடுங்கள். நட்ட நடுவில் எண் கேட்டுப் பூட்டினால் அந்தக் கணக்கையே விடுங்கள், பதிவு நாளைக்குப் போனால் ஒன்றும் ஆகாது. சிக்னல் என்ற செய்திச் செயலியில் பதிவு செய்ய இன்னும் எண் தேவை. ஆனால் 2024 முதல் அதில் பயனர் பெயர் வைத்துக்கொள்ளலாம். ‘என் எண்ணை யார் பார்க்கலாம்’, ‘எண்ணை வைத்து யார் என்னைத் தேடலாம்’ என்ற இரண்டையும் ‘யாருமில்லை’ என்று மாற்றுங்கள். முதலாவதை மட்டும் மாற்றிவிட்டு இரண்டாவதை மறந்துவிடுகிறார்கள்.

இரண்டு போன், ஒரே பை

தனி எண், தனி போன் என்று செலவு செய்து வாங்கிவிட்டு, இரண்டையும் ஒரே பையில் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள். காலையில் ஒரே டவர், மாலையில் ஒரே டவர். 2013-இல் 15 லட்சம் பேரின் 15 மாதக் கைப்பேசித் தடங்களை ஆராய்ந்தவர்கள், ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருந்தார் என்பதற்கு நான்கே நான்கு புள்ளி கிடைத்தால் 95 சதவீதம் பேரைத் தனித்துப் பிரித்துவிடலாம் என்று கண்டார்கள். ஒன்றாகவே பயணம் செய்யும் இரண்டு போன்கள் வருடம் முழுக்கப் புள்ளி வைத்துக்கொண்டே போகின்றன. வீட்டு வைஃபையில் அந்த இரண்டாவது போனை ஒரு தடவை இணைத்தாலும் முடிந்தது.

டோருக்குள் போய்ச் சொந்தக் கணக்கைத் திறப்பது

செய்யாதீர்கள்.

இன்னொன்றும் இதோடு சேர்த்து. நீங்கள் எந்தத் தளத்தைப் பார்க்கிறீர்கள் என்பதை டோர் மறைக்கும். நீங்கள் டோரில் இருக்கிறீர்கள் என்பது சாதாரணமாக மறையாது. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்கு டோர் வழியாக வெடிகுண்டு மிரட்டல் அனுப்பிய மாணவர், பல்கலைக்கழக வைஃபையிலிருந்தே அனுப்பினார். அந்த நேரத்தில் அங்கிருந்து டோருக்குள் போனவர்கள் யார் என்ற பட்டியலைப் பார்த்து அவரை விசாரித்தார்கள். அவரே ஒப்புக்கொண்டார். கூட்டம் இருக்கும் இடத்தில்தான் டோர் மறைக்கும். அலுவலக விஷயத்தை அலுவலக இணைப்பிலிருந்து டோரில் அனுப்பினால், அன்றைக்கு அங்கே டோரில் இருந்தது நீங்கள் ஒருவர் மட்டும்தான் என்று ஆகிவிடலாம்.

டோர் பிரவுசரில் ஆட்-ஆன் (கூடுதல் வசதி தரும் சின்ன நிரல்) சேர்ப்பதும் வேண்டாம். எல்லாருடைய பிரவுசரும் ஒரே மாதிரி தெரிவதுதான் அதன் பலம், நீங்கள் சேர்க்கும் ஒவ்வொன்றும் உங்களைத் தனியாகக் காட்டும்.

படங்கள்

2012-இல் தலைமறைவாக இருந்த, ஆன்டிவைரஸ் நிறுவனம் தொடங்கிய ஜான் மெக்காஃபியின் படத்தை ஒரு பத்திரிகை வெளியிட்டது. படக் கோப்புக்குள் ஜிபிஎஸ் எண்கள் இருந்தன. அவர் குவாதமாலாவில் இருப்பது ஊருக்கே தெரிந்தது. இது பலருக்கும் தெரிந்த கதை. தெரியாதது என்னவென்றால், செயலியில் படமாக அனுப்பும்போது இந்த விவரங்கள் நீங்கிவிடுகின்றன என்று பழகியவர்கள், தரம் குறையாமல் இருக்கட்டும் என்று அதையே டாக்குமெண்டாக அனுப்புகிறார்கள். அப்போது எல்லாம் அப்படியே போகும்.

ஸ்கிரீன்ஷாட்டில் மேல் பட்டையைப் பாருங்கள்: மணி, பேட்டரி, வந்து நிற்கும் அறிவிப்பு. வெட்டிவிட்டேன் என்பதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கூகுள் பிக்சல் போனில் வெட்டிய ஸ்கிரீன்ஷாட்டின் மீதிப் பகுதியைத் திரும்ப எடுக்க முடிந்தது 2023-இல் வெளிவந்தது. நான் வெட்டிய படத்தைத் திரையில் வைத்து இன்னொரு முறை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, அதைத்தான் அனுப்புகிறேன்.

எழுத்து நடை

இதை யாருமே யோசிப்பதில்லை. வகுப்பில் பெயரில்லாமல் எழுதி வாங்கிய தாள்களை மறுநாள் ஒருவரிடம் கொடுத்தேன். நாலு பேரைச் சரியாகச் சொல்லிவிட்டார். ஒருவர் எப்போதும் ‘என்று’ வராமல் ‘என’ என்றே எழுதுகிறார். ஒருவர் வல்லினம் மிகும் இடத்தில் ஒற்றே போடுவதில்லை. ஒருவருக்கு ‘ஆகையால்’ இல்லாமல் பத்தி தொடங்காது. மூன்று பத்தியை உரக்கப் படித்துப் பாருங்கள், உங்கள் குரல் உங்களுக்கே கேட்கும். அந்தச் சொற்களை எடுங்கள், வாக்கியத்தைச் சின்னதாக்குங்கள், பிழை திருத்தித் தரும் நண்பர் இருந்தால் அவர் கைபட்ட பிறகு வெளியிடுங்கள்.

ஒரே ஒருவரிடம் மட்டும் சொல்வது

2010-இல் அமெரிக்க ராணுவ ஆவணங்களை வெளியே கொடுத்த செல்சி மேனிங், நேரில் பார்த்தே இராத ஒருவரிடம் இணைய அரட்டையில் அதைச் சொன்னார். கேட்டவர் அதிகாரிகளிடம் போனார். தனியாகச் சுமப்பது கஷ்டம், எனக்கும் தெரியும். என் கணக்கைப் பற்றி நானும் இரண்டு பேரிடம் சொல்லியிருந்தேன்.

அன்றைக்கு அந்தப் பெண், எண் கொடுத்த கணக்கை அழித்தால் போதுமா என்று கேட்டார். போதாது, அந்தப் பெயரையும் இனி எங்கேயும் தொடாதீர்கள் என்றேன். புதுத் தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார். எண் கேட்காத சேவையாகத் தேடிப் பிடித்தார். மீட்பு முகவரிக் கட்டத்தைக் காலியாக விட்டார். முடித்ததும் புதுப் பெயரை என்னிடம் காட்ட மடிக்கணினியைத் திருப்பினார். எனக்கும் காட்ட வேண்டாம் என்றேன். திரையை மூடிவிட்டார்.