பழைய துப்பாக்கியின் உலோகத்துக்கு மெருகேற்றும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

குழலில் நிறம் வெளுத்து, ஆங்காங்கே துருவேறிய துப்பாக்கியைக் கண்டதும் உப்புத்தாளைத் தேடுவதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. புளூயிங் எனப்படும் கருநீல மெருகு, எஃகின் மேற்பரப்பையே கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாற்றி உண்டாக்கும் மிக மெல்லிய படலம் என்பதால், அடியிலுள்ள கீறலையோ குழியையோ அது மறைக்காது. மேலோட்டமான துருவாக இருந்தால், எண்ணெய் தடவிச் சில மணி நேரம் ஊறவிட்டு, மிக நுண்ணிய ஸ்டீல் வூலால் (எஃகு இழைப் பஞ்சு) மென்மையாகத் தேய்த்தாலே போதும். பழைய நிறம் பெரும்பாலும் தங்கிவிடும். வினிகரிலோ பாஸ்பாரிக் அமிலம் கலந்த துருநீக்கியிலோ ஊற வைத்தால், துருவோடு எஞ்சிய மெருகும் சேர்ந்து போய்விடும்.

எந்த வேலைக்கும் முன்பு துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை தோட்டா அமரும் அறையைத் திறந்து கண்ணாலும் விரலாலும் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

மீட்கவே முடியாத சேதம், நிறமேற்றுவதற்கு முந்தைய தேய்ப்பில்தான் நேர்கிறது. மின்சார பஃபிங் சக்கரம் சில நிமிடங்களில் கண்ணாடி போன்ற பளபளப்பைத் தந்துவிடும். ஆனால் கூர்மையான விளிம்புகளை மழுக்கி, திருகுத் துளைகளின் வாயைக் கிண்ணம்போல் குழித்து, பொறிப்பெழுத்துகளின் ஓரங்களைக் கரைத்துவிடும். அனுபவமுள்ளவர் ஒருவர் திருகுத் துளையைப் பார்த்தே, இது யாரோ அவசரமாக மெருகேற்றிய துப்பாக்கி என்று சொல்லிவிடுவார். தட்டையான பரப்புகளில் உப்புத்தாளை விரலால் அழுத்தாமல் கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். தொடர் எண்ணும், குழலின் உறுதியைச் சோதித்ததைக் காட்டும் முத்திரைகளும் உள்ள இடங்களைத் தொடாமல் விடுவதே நல்லது. தொடர் எண்ணை அழிப்பதும் மாற்றுவதும் பல நாடுகளில் குற்றம். குழலில் ஆழமான குழிகள் இருந்தால், அவற்றை மறைக்கும் அளவுக்கு உலோகத்தைத் தேய்த்து எடுப்பது குழல் சுவரை மெலியச் செய்யும். குழிகள் அப்படியே இருக்கட்டும்.

எல்லாத் துப்பாக்கிக்கும் ஒரே முறை பொருந்தும் என்று எண்ணுவது அடுத்த தவறு. சோடியம் ஹைட்ராக்சைடும் நைட்ரேட் உப்புகளும் கலந்து ஏறத்தாழ 140 டிகிரி செல்சியஸில் கொதிக்கும் சூடான புளூயிங் கரைசல், குறைந்த வெப்பத்தில் உருகி உலோகங்களை ஒட்டவைக்கும் மென்பற்றாசை (சால்டர்) அரித்துவிடும். பழைய இரட்டைக்குழல் துப்பாக்கிகளில் குழல்களையும் அவற்றின் இடையிலுள்ள பட்டையையும் இணைத்திருப்பது பெரும்பாலும் இந்தப் பற்றாசுதான். அலுமினிய பாகங்களை அக்கரைசல் கரைத்தே விடும். தோலைச் சுட்டெரிக்கும் அந்தக் கொதிகலனை வீட்டில் வைத்துக்கொள்ள எனக்குச் சற்றும் உடன்பாடில்லை. இரட்டைக்குழலுக்கு உகந்தது, மெல்லிய துருவை வேண்டுமென்றே வளர்த்து, நீரில் கொதிக்க வைத்துக் கறுப்பாக்கி, உதிரும் தூளைத் துடைத்தெடுத்து, மறுபடி மறுபடி செய்யும் மெதுவான முறையே. கேஸ் ஹார்டனிங், அதாவது மேற்பரப்பை மட்டும் கடினப்படுத்துதல், செய்த பாகங்களில் காணப்படும் பலவண்ணப் படலம் தேய்த்தால் போய்விடும். வீட்டில் கேஸ் டார்ச்சின் தீயால் சுட்டு அதைத் திரும்ப வரவழைக்க முயன்றால், கடினப்படுத்திய எஃகு தன் உறுதியை இழக்கக்கூடும்.

சூடாக்காமலே நிறமேற்ற, புட்டியில் கிடைக்கும் குளிர் முறைத் திரவம் சிறு தேய்மானங்களைத் திருத்த உதவும். முழுக் குழலுக்கும் அதைத் தடவினால் திட்டுத்திட்டாகவே வரும், தேய்மானத்தையும் அதிகம் தாங்காது. அது பிடிக்காமல் போவதற்குப் பெரும்பாலும் காரணம் எண்ணெய்ப் பசை. அசிட்டோனால் துடைத்த இடத்தை வெறும் விரலால் ஒருமுறை தொட்டாலே அந்த ரேகை நிறத்தில் தெரியும். ஸ்டீல் வூலிலும் உற்பத்தியின்போது தடவிய எண்ணெய் இருப்பதால் அதையும் முன்கூட்டியே கழுவி உலர்த்த வேண்டும். இத்திரவங்கள் பலவற்றில் நச்சுத்தன்மையுள்ள செலினியம் சேர்மங்கள் இருப்பதால், கையுறையும் காற்றோட்டமும் இன்றி வேலையைத் தொடங்கக் கூடாது. அசிட்டோனின் அருகில் நெருப்பும் கூடாது.

நிறம் வந்ததும் எண்ணெய் தடவி எடுத்து வைத்துவிடுவதும் தவறே. திருகுத் துளைகளிலும் இணைப்பு இடுக்குகளிலும் தங்கிய திரவம் அடுத்த சில நாள்களில் புதிய துருவைக் கிளப்பும். ஆகவே திரவத்தின் வேலையை முழுமையாக நிறுத்தி, நன்கு அலசி உலர்த்தி, எண்ணெயிட்டு, ஒரு வாரம் வரை தினமும் துணியால் துடைத்துப் பார்க்க வேண்டும். துணியில் செம்பழுப்பு ஒட்டினால் அந்த இடத்தை உடனே மறுபடி கழுவி எண்ணெயிட வேண்டும்.