பிரஷ் ஒருத்தர் கையில், ரோலர் ஒருத்தர் கையில்

நாங்கள் முதல் தடவை படுக்கையறைக்கு பெயின்ட் அடித்தபோது ஆளுக்கொரு ரோலரை எடுத்துக்கொண்டு, இவருக்கு அந்தச் சுவர், எனக்கு இந்தச் சுவர் என்று பிரித்துக்கொண்டோம். சீக்கிரம் முடியும் என்று நினைப்பு. முடிந்தது என்னவோ சீக்கிரம்தான். மறுநாள் காலை ஜன்னலைத் திறந்து பார்த்தால், ஒரே டப்பா பெயின்ட், ஆனால் இரண்டு சுவரும் இரண்டு மாதிரி. இவர் அழுத்தி உருட்டுகிற ஆள், அதனால் பெயின்ட் மெல்லிசாக இழுபட்டு அடியில் இருந்த பழைய நிறம் எட்டிப் பார்த்தது. நான் தாராளமாகத் தொட்டு அப்பியிருந்தேன், என் சுவர் ஆரஞ்சுத் தோல் மாதிரி புள்ளி புள்ளியாக நின்றது. வேலையைத்தான் பிரிக்க வேண்டும், சுவரை இல்லை என்று அன்றைக்குத்தான் புரிந்தது. ஒருத்தர் ஓரங்களுக்கு பிரஷ், மற்றவர் ரோலர், கடைசி கோட் (பூச்சு) வரை மாற்றிக்கொள்ளவே கூடாது.

அதற்கு முன்னால் சுவரைத் தயார் செய்ய வேண்டும், உண்மையில் நேரம் இழுப்பது இதுதான். கட்டிலை நடுவில் தள்ளி மூடிவிட்டு, தரையில் பழைய துணி விரியுங்கள் (பேப்பர் விரித்தால் காலில் ஒட்டிக்கொண்டு வீடெல்லாம் கூடவே வரும்). உள்ளங்கையால் சுவரைத் தேய்த்துப் பாருங்கள், மாவு மாதிரி ஒட்டினால் அதன் மேல் எதை அடித்தாலும் நிற்காது, சுரண்டித்தான் ஆக வேண்டும். ஓதம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒரு சதுர அடி பிளாஸ்டிக் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்கும் சுவருக்கும் நடுவில் நீர்த்துளி பூத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அதைச் சரிசெய்யாமல் பெயின்ட் டப்பாவைத் திறக்காதீர்கள், எல்லாம் பொருக்குப் பொருக்காக உரிந்து வந்துவிடும். இன்னொன்று, ரொம்பப் பழைய வீடு என்றால் அடியில் இருக்கும் பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம். பரிசோதிக்காமல் தேய்த்துத் தூசி கிளப்பக் கூடாது, வீட்டில் குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஆணி ஓட்டை, கீறல் எல்லாவற்றையும் பட்டி (அடைக்கிற பசை) வைத்து அடையுங்கள். ஆழமான ஓட்டையை ஒரே மூச்சில் அடைத்தால் காய்ந்ததும் உள்வாங்கும், இரண்டு தடவையாக வையுங்கள். காய்ந்தபின் 120 நம்பர் உப்புத்தாளால் தேய்த்துவிட்டு, விளக்கை அணைத்து டார்ச்சைச் சுவரோடு சுவராகச் சாய்த்து அடித்துப் பாருங்கள், மேடு பள்ளமெல்லாம் நிழலோடு தெரியும். ஈரத்துணியால் தூசியைத் துடையுங்கள். பட்டி வைத்த இடங்களில் கட்டாயம் பிரைமர் (பெயின்ட்டுக்கு முன் அடிக்கும் அடிப்பூச்சு), இல்லாவிட்டால் அந்த இடம் மட்டும் பெயின்ட்டை உறிஞ்சிக்கொண்டு மங்கலாகத் திட்டுத் திட்டாக நிற்கும்.

எவ்வளவு வாங்குவது? வழவழப்பான சுவரில் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் சுவர் பெயின்ட்) ஒரு லிட்டர் சுமாராக 10 சதுர மீட்டர் ஒரு கோட் வரும். 4 மீட்டருக்கு 3.5 மீட்டர் அறை, உயரம் 3 மீட்டர் என்றால் நான்கு சுவரும் சேர்த்து 45 சதுர மீட்டர், கதவு ஜன்னல் போக 41, இரண்டு கோட்டுக்கு எட்டு லிட்டருக்குக் கொஞ்சம் மேலே. நிறத்தை அட்டையில் அடித்து, காலையிலும் ராத்திரி விளக்கிலும் கட்டில் பின்னால் சாய்த்து வைத்துப் பார்த்தே முடிவு செய்யுங்கள். டப்பாவுக்கு டப்பா நிறம் ஒரு பொட்டு மாறும், அதனால் எல்லாவற்றையும் ஒரே பக்கெட்டில் ஊற்றிக் கலக்கிவிடுங்கள்.

இப்போது அடிக்கலாம். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு சுவிட்ச்போர்டு மூடிகளைக் கழற்றுங்கள். பிரஷ்காரர் கூரையோரம், மூலை, கதவுச் சட்டம் எல்லாம் ஐந்தாறு சென்டிமீட்டர் அகலத்துக்கு இழுத்துக்கொண்டே போக, ரோலர்காரர் பின்னாலேயே வர வேண்டும். இடைவெளி ஒரு மீட்டருக்கு மேல் போகக் கூடாது, ஓரம் ஈரமாக இருக்கும்போதே ரோலர் அதைத் தொட்டால்தான் இரண்டும் ஒன்றாகக் கலக்கும். நான் வேகமாக முன்னால் ஓடிவிடுவேன், இவர் "நில்லும்மா, நான் வந்துக்கறேன்" என்று கத்திக்கொண்டே இருப்பார். நிற்காமல் போன ஒரு சுவரில் ஃபோட்டோவுக்குச் சட்டம் போட்ட மாதிரி சுற்றிலும் ஒரு பட்டை இன்னும் தெரிகிறது.

ரோலரைத் தட்டில் நனைத்து, தட்டின் மேட்டுப் பக்கத்தில் உருட்டி, சொட்டாத அளவுக்கு எடுங்கள். ஓர் ஆள் அகலத்துக்கு குறுக்கும் நெடுக்குமாகப் பரப்பிவிட்டு, கடைசியில் அழுத்தாமல் மேலிருந்து கீழாக ஒரே போக்கில் இழுத்து விடுங்கள். சரக் சரக் என்று சத்தம் வந்தால் ரோலரில் பெயின்ட் தீர்ந்துவிட்டது, அதற்கு மேல் அழுத்துவது வீண். பாதி காய்ந்த இடத்தில் விட்டுப்போனது கண்ணில் பட்டாலும் திரும்பப் போகாதீர்கள், எனக்கு இது இன்னும் கைவரவில்லை. அடுத்த கோட்டில் மறையும். ஈரத்தில் நிறம் வெளிறித் தெரிந்தால் பயப்பட வேண்டாம், எமல்ஷன் பெரும்பாலும் காய்ந்தால் சற்று அடர்த்தியாகும். எத்தனை மணி நேரம் கழித்து அடுத்த கோட் என்பது டப்பாவிலேயே இருக்கும். அதுவரை ரோலரை பிளாஸ்டிக் பையில் காற்றுப் புகாமல் சுற்றி வைத்தால் கழுவத் தேவையில்லை.

பெயின்ட் படாமலிருக்க ஓரங்களில் மாஸ்கிங் டேப் ஒட்டியிருந்தால், கடைசி கோட் முழுசாகக் காய்வதற்குள் அதைச் சாய்வாக, மெதுவாக உரியுங்கள். காய்ந்துவிட்டதா, ஓரத்தில் பிளேடால் ஒரு கோடு போட்டுவிட்டு உரியுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட்டும் சேர்ந்து வரும். அன்றைக்கு ராத்திரி வேறு அறையில் படுங்கள், ஜன்னல் திறந்தே இருக்கட்டும்.

மிச்சத்தை ஒரு சின்ன கண்ணாடி ஜாடியில் ஊற்றி, ஷேடு நம்பரும் தேதியும் எழுதி வையுங்கள். கட்டிலைத் திரும்பச் சுவரோரம் தள்ளும்போது ஒரு கீறல் விழும். எங்களுக்கு மறுநாளே விழுந்தது.