கரண்டியில் நிற்காத கஞ்சி: இணை உணவு தொடங்கும் மாதங்களில் நேரும் தவறுகள்

குழந்தைக்கு ஆறாவது மாதம் நெருங்கும்போது வீட்டில் ஒரு வாதம் தொடங்கிவிடும். கேழ்வரகுக் கூழ்தான் முதலில் என்பார் ஒரு பாட்டி. வறுத்துப் பொடித்த அரிசி, பாசிப்பருப்புக் கஞ்சிதான் செரிக்கும் என்பார் இன்னொரு பாட்டி. தந்தையோ கைப்பேசியில் பார்த்த ஆப்பிள் கூழைப் பற்றிப் பேசுவார். உண்மையில் இம்மூன்றில் எதைக் கொண்டு தொடங்கினாலும் பெரிய வேறுபாடு இல்லை. எதைக் கொடுப்பது என்று இவ்வளவு பேசும் நாம், எப்போது தொடங்குவது, எவ்வளவு கெட்டியாகக் கொடுப்பது, எப்படி ஊட்டுவது என்பவற்றை ஏறக்குறைய பேசுவதே இல்லை. தவறுகளில் பெரும்பாலானவை அங்கேதான் நேர்கின்றன.

ஆறு மாதம், அதாவது 180 நாள் நிறையும் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் இணை உணவோடு, அதாவது தாய்ப்பாலுக்குத் துணையாகத் தரும் உணவோடு, இரண்டு வயது வரையிலோ அதற்கு மேலோ தாய்ப்பால் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. இரவில் அழுகிறது, எடை போதவில்லை என்று நான்காவது மாதத்திலேயே கஞ்சி ஊற்றத் தொடங்கும் வீடுகள் இன்றும் உண்டு. அந்த வயதில் வாயில் வைக்கும் திடப்பொருளை நாக்கு தானாகவே வெளியே தள்ளும். அது பிடிவாதம் அன்று; தொண்டைக்குள் அந்நியப் பொருள் போகாமல் காக்கும் இயற்கையான அனிச்சைச் செயல். கழுத்து உறுதியாக நிற்பது, பிடித்துக்கொண்டால் முதுகை நிமிர்த்தி உட்காருவது, பிறர் உண்ணும்போது வாயைத் திறந்து எட்டிப் பார்ப்பது ஆகியவை சேர்ந்து வரும்போது குழந்தை ஆயத்தமாக இருக்கிறது என்று கொள்ளலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு இக்கணக்கை மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டும்.

தாமதமும் தவறுதான். சோறூட்டும் சடங்குக்கு நல்ல நாள் அமையவில்லை, குலதெய்வக் கோயிலுக்குப் போக விடுப்புக் கிடைக்கவில்லை என்று எட்டாவது மாதம் வரை தள்ளிப்போடுபவர்கள் இருக்கிறார்கள். சடங்கு காத்திருக்கலாம், குழந்தையின் உடலில் உள்ள இரும்புச்சத்து காத்திருக்காது. கருவில் இருந்தபோது தாயிடமிருந்து பெற்றுச் சேமித்த இரும்பு ஏறத்தாழ ஆறு மாதத்தில் குறைந்துவிடுகிறது. தாய்ப்பாலில் உள்ள இரும்பு எளிதில் உறிஞ்சப்படும் என்றாலும் அதன் அளவு மிகக் குறைவு என்பதால், அதற்குப்பின் தேவையை உணவுதான் ஈடுசெய்ய வேண்டும்.

இனி, எல்லாவற்றிலும் பரவலான தவறுக்கு வருவோம். அதன் பெயர் தண்ணீர். பருப்பு வேக வைத்து மேலே தெளிந்த நீரை இறுத்துக் கொடுப்பது, சாதம் வடித்த கஞ்சியைக் கொடுப்பது, கேழ்வரகுப் பாலை இன்னும் நீர்க்கச் செய்து புட்டியில் ஊற்றிக் கொடுப்பது என அது பல வடிவம் எடுக்கும். குழந்தையின் இரைப்பை, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஏறத்தாழ 30 கிராம் உணவையே கொள்ளும். எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 240 மில்லியோடு இடம் தீர்ந்துவிடும். அந்தச் சிறிய இடத்தைப் பருப்புத் தண்ணீரால் நிரப்பினால் வயிறு நிறையும், குழந்தை திருப்தியோடு தூங்கவும் செய்யும், எடை மட்டும் ஏறாது. 100 மில்லி தாய்ப்பாலில் 65 முதல் 70 கலோரி வரை இருக்க, தெளிந்த பருப்புத் தண்ணீரில் அதில் சிறு பகுதியே இருக்கிறது. தாய்ப்பாலுக்குத் துணையாக வர வேண்டிய உணவு, தாய்ப்பால் இருந்த இடத்தைப் பிடித்துக்கொண்டு அதைவிடக் குறைவாகத் தருகிறது.

இதைச் சோதிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் உணவு ஒழுகாமல் ஒட்டி நிற்க வேண்டும். ஒழுகினால் அது உணவாக இன்னும் ஆகவில்லை. குழைய வெந்த சாதத்தையும் பருப்பையும், பருப்பின் அடியையும் சேர்த்து, கையால் மசித்து, ஒரு தேக்கரண்டி நெய்யோ நல்லெண்ணெயோ விட்டால் அந்த ஒரு கரண்டியிலேயே ஏறத்தாழ 45 கலோரி கூடுகிறது. ஆறு முதல் எட்டு மாதம் வரை நாளுக்கு இரண்டு மூன்று வேளையும், ஒன்பதாம் மாதத்திலிருந்து மூன்று நான்கு வேளையும் உணவு போதும். தொடக்கத்தில் இரண்டு மூன்று மேசைக்கரண்டி, பிறகு 250 மில்லிக் கிண்ணத்தில் அரைக் கிண்ணம் வரை என அளவு தானாகவே வளரும்.

மிக்சியும் இதே தவறின் இன்னொரு முகம்தான். எல்லாவற்றையும் பசைபோல அரைத்துக் கொடுப்பது முதல் சில வாரங்களுக்குச் சரி. ஒன்பதாவது, பத்தாவது மாதம் வரையிலும் அதையே தொடர்ந்தால் மெல்லப் பழக வேண்டிய காலம் கைநழுவிப் போகிறது. பிறகு இட்லித் துண்டைக் கண்டாலே ஓங்கரிக்கும் இரண்டு வயதுக் குழந்தையை வைத்துக்கொண்டு மருத்துவமனைக்கு அலைய நேரிடும். பல் முளைக்கவில்லையே என்று தயங்க வேண்டாம். ஈறு வலுவானது, மசித்த உருளைக்கிழங்கையும் வெந்த இட்லியையும் அதுவே நசுக்கிவிடும். ஓராண்டு நிறையும்போது, காரமும் உப்பும் சேர்க்கும் முன் எடுத்து வைத்த வீட்டுச் சாப்பாட்டையே குழந்தை உண்ணப் பழகியிருக்க வேண்டும்.

இரும்புச்சத்துப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் இந்திய அளவில் 67 சதவீதத்தினருக்கும் தமிழ்நாட்டில் 57 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை இருந்தது. கேழ்வரகு தந்துவிட்டால் போதும் என்ற நம்பிக்கை இங்கே நமக்கு உதவுவதில்லை. கேழ்வரகில் சுண்ணாம்புச்சத்து மிகுதி, 100 கிராமில் 340 மில்லிகிராமுக்கு மேல் உண்டு; ஆனால் அதிலுள்ள பைட்டேட் என்ற இயற்கைப் பொருள் இரும்பு உறிஞ்சப்படுவதைத் தடுக்கிறது. முளைகட்டிக் காயவைத்து அரைக்கும் பழைய முறை அந்தத் தடையைக் குறைக்கிறது. நேரம் மிச்சம் என்று அதைக் கைவிட்டது நமக்கு இழப்புதான். அசைவம் உண்ணும் வீடுகளில் ஈரல், மீன், நன்கு வெந்த முட்டை ஆகியவற்றை ஆறு மாதத்துக்குப் பிறகு ஒவ்வொன்றாகத் தொடங்கலாம். முட்டையில் மஞ்சள் கரு மட்டும் கொடுத்து வெள்ளைக் கருவை ஒரு வயது வரை ஒதுக்க வேண்டியதில்லை. சைவ வீடுகளில் பருப்பு, பயறு, கீரையோடு எலுமிச்சைச் சாறோ தக்காளியோ நெல்லிக்காயோ சேர்ந்தால், அவற்றின் வைட்டமின் சி இரும்பு உறிஞ்சப்பட உதவும். அரசுத் திட்டத்தில் ஆறு மாதம் முதல் வாரம் இருமுறை ஒரு மில்லி வீதம் தரப்படும் இரும்புச்சத்துச் சொட்டு மருந்தை, மலம் கறுப்பாகப் போகிறது என்று அஞ்சி நிறுத்திவிடுகிறார்கள். அந்தக் கறுப்பு மருந்தின் இயல்பான விளைவு, கெடுதல் இல்லை.

தவிர்க்க வேண்டிய பொருள்களின் பட்டியல் சிறியது. ஓராண்டு நிறையும் வரை தேன் கூடாது. நாக்கில் தடவுவதும், மருந்தைக் குழைத்துத் தருவதும் இதில் அடங்கும். தேனில் இருக்கக்கூடிய ஒருவகைப் பாக்டீரியாவின் வித்துகள் குழந்தையின் குடலில் முளைத்து, தசைகளைச் செயலிழக்கச் செய்யும் நஞ்சை உண்டாக்கும். மலைத்தேன், சுத்தத் தேன் என்பதெல்லாம் இதில் பாதுகாப்பு ஆகாது. பசும்பாலை ஓராண்டுக்குமுன் முதன்மைப் பானமாகத் தரக்கூடாது. அதில் இரும்பு குறைவு என்பதோடு, சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத இரத்தக் கசிவையும் அது உண்டாக்கக்கூடும். தயிரை உணவில் கொஞ்சம் சேர்ப்பதில் தடையில்லை. முதல் ஆண்டில் உப்புச் சேர்க்காமலும், இரண்டு வயது வரை சர்க்கரை சேர்க்காமலும் இருப்பது நல்லது. கருப்பட்டியும் நாட்டுச் சர்க்கரையும் பனங்கற்கண்டும் வேறு வகை என்று வாதிடுவோருக்கு ஒன்று சொல்லலாம்: பற்களுக்கும் நாவின் பழக்கத்துக்கும் அந்த வேறுபாடு தெரியாது.

ஒவ்வாமை பற்றிய அறிவுரை நம் கண்முன்னே மாறியது. வேர்க்கடலை போன்றவற்றைத் தள்ளிப்போடுவதே பாதுகாப்பு என்று முன்பு மருத்துவர்களே சொன்னார்கள். 2015-இல் லண்டனில் இருந்து வெளியான ஓர் ஆய்வில், ஒவ்வாமை வரும் வாய்ப்பு மிகுந்த 640 குழந்தைகளில் ஒரு பிரிவினருக்கு முதல் ஆண்டிலேயே வேர்க்கடலை உணவு தொடங்கப்பட்டது; மறு பிரிவினர் அதைத் தவிர்த்தனர். ஐந்து வயதாகும்போது, தவிர்த்தவர்களில் 17.2 சதவீதத்தினருக்கு வேர்க்கடலை ஒவ்வாமை இருந்தது; உண்டவர்களில் 3.2 சதவீதத்தினருக்கு மட்டுமே இருந்தது. கடுமையான கரப்பான் படை உள்ள குழந்தைக்கு மருத்துவரைக் கேட்டுத் தொடங்க வேண்டும். மற்றவர்களுக்கு நன்கு அரைத்த வேர்க்கடலையைக் கஞ்சியில் கலந்து சிறிது சிறிதாகத் தரலாம். புதிய பொருளைப் பகலில், தனியாக, ஒரு சில நாள் இடைவெளியில் அறிமுகப்படுத்தினால் எது ஒத்துக்கொள்ளவில்லை என்பது தெரியும். இருபது தானியம் சேர்ந்த சத்துமாவை முதல் உணவாக்குவதில் உள்ள சிக்கல் இதுவே: தடிப்பு வந்தால் இருபதில் எதைக் குற்றம் சொல்வது?

அரைத்த வேர்க்கடலை வேறு, முழுப் பருப்பு வேறு. முழு வேர்க்கடலை, பொட்டுக்கடலை, சுண்டல் கடலை, முழுத் திராட்சை, பச்சைக் காரட் துண்டு ஆகியவை மூச்சுக்குழாயை அடைக்கும் அளவும் வழுக்கும் தன்மையும் கொண்டவை. சத்தமாக ஓங்கரிக்கும், இருமும் குழந்தை தானே சமாளித்துக்கொண்டிருக்கிறது. அதன் வாயில் விரலை விடக்கூடாது. ஓசையின்றி, இருமவும் அழவும் முடியாமல் முகம் நீலம் பாரித்தால்தான் அடைப்பு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையைத் தலை தாழ முன்கையில் கவிழ்த்து, தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து முறை தட்டி, பிறகு மல்லாத்தி மார்பின் நடுவே ஐந்து முறை அழுத்த வேண்டும். 108-ஐ அழைத்தபடியே, அடைப்பு விலகும் வரை இதை மாறி மாறிச் செய்ய வேண்டும். குழந்தை மயங்கிவிட்டால் இதய நுரையீரல் மீட்பு முதலுதவியைத் தொடங்க வேண்டும். பயிற்சி முகாம்களில் ஒருமுறை நேரில் செய்து பார்த்தவர்களின் கை அந்நேரத்தில் தடுமாறுவது குறைவு.

மடியில் படுக்க வைத்து, மூக்கைப் பிடித்து, சங்கால் கஞ்சியை ஊற்றும் வழக்கம் இன்னும் ஒழியவில்லை. உணவு நுரையீரலுக்குள் போக இதைவிட நேரான வழி இல்லை. அப்படி ஊட்டிய குழந்தை வாந்தி எடுத்தாலோ, சாப்பிட மறுத்தாலோ, தொக்கம் விழுந்திருக்கிறது, அதாவது உணவு உள்ளே சிக்கியிருக்கிறது என்று, தொக்கம் எடுப்பவரிடம் தூக்கிச் செல்கிறார்கள். வயிற்றின் மேல் உறிஞ்சி உள்ளே இருப்பதை வெளியே எடுக்க உடலமைப்பில் வழியே கிடையாது. அங்கே காட்டப்படும் துணுக்கு எங்கிருந்து வந்தது என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம். உரம், அதாவது சுளுக்கு, எடுப்பதாகச் சொல்லிச் சேலையில் போட்டு உருட்டுவதும் தலைகீழாகப் பிடிப்பதும் கழுத்துக்கும் மூளைக்கும் ஆபத்தானவை.

குழந்தையை நிமிர்த்தி உட்கார வைத்து, முகத்தைப் பார்த்து, அது வாயைத் திறந்த பிறகு கரண்டியைக் கொண்டுசெல்வதே ஊட்டும் முறை. தலையைத் திருப்பினால் போதும் என்று பொருள். புதிய சுவை ஒன்றைப் பழக்க எட்டு, பத்து முறை கூடத் தர வேண்டியிருக்கும். இரண்டு முறை துப்பியதும் இதற்குக் கேரட் பிடிக்காது என்று தீர்ப்பு எழுதிவிடுவது அவசரம். கைப்பேசியில் பாட்டு ஓட விட்டு ஊட்டினால் கிண்ணம் காலியாகும் என்பது உண்மை, ஆனால் பசியையும் நிறைவையும் உணரும் பழக்கம் அங்கே வளர்வதில்லை. நிலாவைக் காட்டிச் சோறூட்டியதும் கவனத்தைத் திருப்பும் உத்திதானே என்று கேட்கலாம். நிலாவைக் காட்டியவர் குழந்தையோடு பேசிக்கொண்டும் இருந்தார்.

உணவில் தொடங்கும் கவலை விரைவில் வளர்ச்சிக்குத் தாவும். பக்கத்து வீட்டுக் குழந்தை எட்டு மாதத்தில் தவழ்கிறதே என்ற ஒப்பீட்டுக்கு விடை வைத்திருக்கிறது இந்தியா உட்பட ஐந்து நாடுகளில் உலக சுகாதார நிறுவனம் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வு. நலமான குழந்தைகள் பிடிப்பின்றி உட்கார்ந்த வயது 3.8 முதல் 9.2 மாதம் வரையும், தனியே நடந்த வயது 8.2 முதல் 17.6 மாதம் வரையும் பரந்திருந்தன. கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலேயே நடந்துவிட்ட குழந்தைகளும் நூற்றுக்கு நான்கு பேர் இருந்தனர். செங்கீரை ஆடி, சப்பாணி கொட்டி, வருகை தரும் குழந்தையைப் பாடிய பிள்ளைத்தமிழ்ப் புலவர்கள் பருவங்களின் வரிசையைக் கொண்டாடினார்களே தவிர, யார் முந்தினார் என்று பார்க்கவில்லை. நடையை விரைவுபடுத்த வாங்கும் சக்கர வாக்கர் நடையைத் தாமதப்படுத்தவும், படிகளில் உருளச் செய்யவும் கூடியது; கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நிற்கத் தெரிந்த குழந்தை பின்னால் நின்று தள்ளும் மர நடைவண்டி வேறு கருவி, அதற்கு இக்குறை பொருந்தாது.

எடையிலும் ஒரு நாள் அளவைவிட வளர்ச்சி அட்டையில் புள்ளிகளை இணைக்கும் கோட்டின் போக்கே முக்கியம். பிறந்த எடை ஐந்து மாத வாக்கில் இரட்டிப்பாகி, ஓராண்டில் மும்மடங்காகும். அதாவது இரண்டாவது ஆறு மாதத்தில் வேகம் இயல்பாகவே குறையும். அதைக் கண்டு பயந்துதான் பல வீடுகளில் திணிப்பு தொடங்குகிறது. ஆனால் கோடு படுத்துவிட்டாலோ இறங்கினாலோ காத்திருக்கக் கூடாது. வயிற்றுப்போக்கின்போது உணவை நிறுத்தி வைப்பது இந்த இறக்கத்துக்குப் பெரிய காரணம். பல் முளைப்பதால் வருவது என்று அதை ஒதுக்காமல், உப்புச் சர்க்கரைக் கரைசலோடும் துத்தநாக மருந்தோடும் தாய்ப்பாலையும் உணவையும் தொடர வேண்டும்.

நான்கு மாதத்திலும் கழுத்து நிற்காதது, ஒன்பது மாதம் முடிந்தும் உட்காராதது, பெயர் சொல்லி அழைத்தால் ஓராண்டிலும் திரும்பாதது, ஒருமுறை கற்ற திறனை இழப்பது ஆகியவை பரந்த எல்லைக்குள் அடங்காதவை. இவற்றில் எதைக் கண்டாலும், தாத்தாவும் தாமதமாகத்தான் பேசினார் என்ற குடும்பக் கதையை ஒதுக்கிவிட்டுக் குழந்தை மருத்துவரிடம் செல்ல வேண்டும். வீட்டில் செய்வதை மருத்துவரின் அறையில் குழந்தை செய்து காட்டாது என்பதால், ஊட்டும் நேரத்தில் அணைத்து வைத்த கைப்பேசியால் ஓரிரண்டு நிமிடக் காணொளி எடுத்து வைத்துக்கொண்டு, வளர்ச்சி அட்டையோடு அதையும் காட்டலாம்.